ஜவ்வாது மலை விண்ணரங்கு: வைணு பாப்பு வரலாறு

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள மண்டபங்கட்கும் நாடக அரங்குகட்கும் பெரியோர் பெயரைச் சூட்டும் வழக்கம் நாம் யாவரும் அறிந்ததே. பொருளுதவினோர் பெயரும், தலைமை தாங்கினோர் பெயருமே பெரும்பாலும் அக்கட்டடங்களின் முகப்பிற் பொறிக்கப்பெறும். அங்கே மாணாக்கராய் இருந்து பின்னர்ப் புகழ் பெற்ற ஒருவரின் பெயரை ஓர் அரங்கு தாங்குமாயின், அதனைக் காணும் இளைஞர்க்கு அது தனியானதோர் ஊக்கத்தைத் தரும். தாம் நுழையும் வாயிலில் முன்னொரு நாள் அவரும் நுழைந்தார் என்னும் எண்ணம் எழுமன்றோ? ஆயின், ஓர் அரங்கிற்கு உரிய இடத்தைத் தாமே தேடிக் கண்டு, தாமே திட்டம் வகுத்து, அதன் கருவிகளைத் தம் நாட்டார் கையாலேயே செய்விக்கத் தொடங்கி, அவை முற்றுப்பெறுமுன் மறைந்துபோன ஒருவரின் பெயரை அவ்வரங்கு பெறுவது மிகவும் அரிது. அத்தகையதோர் அரங்கு நம் தமிழ்நாட்டு ஜவ்வாது மலையிலே உள்ளது. அதில் ஆடுவோர் கோள்களும் விண்மீன்களும். மற்ற அரங்குகளில் மேடை ஒளியிலும் காண்போர் இருளிலும் இருப்பர். இங்கோ சுற்றிலும் உள்ள காடு முழுவதுமே இருளில் இருத்தல் வேண்டும். காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையமே அது.

வாணியம்பாடியினின்று ஆலங்காயம் வழியாக மலையேறிச் செல்வோர், புளியும் பலாவும் சாமைக் கொல்லையும் கடந்து, முற்காலத்தில் சந்தன மரத்திற்குப் பேர்போன காட்டினுள் புகுவர். கடல் மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே, வெண்ணிறக் கவிகை மாடங்கள் சில தோன்றும். அவை யாருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றன, அப்பெயர் அவற்றிற்கு எவ்வாறு வந்தது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் சென்னையிலே பிறந்தார். அவருடைய குடும்பம் கேரளத்துத் தலைச்சேரியைச் சார்ந்தது. ஜவ்வாது மலையில் தொன்றுதொட்டு வாழும் மக்களையும் நாம் மலையாளிகள் என்றே அழைக்கின்றோம். அவர்கள் தமிழ் பேசும் மலைக்குடியினர். கேரளத்தாரோடு அவர்கட்கு அப்பெயர் ஒன்றே பொது. மலையாள நாட்டுக் குடும்பத்திற் பிறந்த ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பணியை இம்மலையாளிகளின் நடுவிலே செய்ய நேர்ந்தது ஒரு வேடிக்கையான பொருத்தமே.

பாப்புவின் தந்தையார் ஐதராபாத்து நகரிலிருந்த நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் அலுவல் பார்த்துவந்தார். விண்மீன்களின் இடங்களையெல்லாம் ஒளிப்படத் தகடுகளிற் பதித்துப் பெரும் பட்டியல் வகுக்க உலக நாடுகள் பல ஒன்றுகூடி மேற்கொண்ட முயற்சியிலே பங்கு கொண்டது அந்நிலையம். பெற்றோர்க்கு ஒரே மகனாகிய பாப்புவிற்கு அதன் தொலைநோக்கிகளே விளையாட்டுத் தோழர்களாயின. பிற சிறுவர் பாட்டியின் மடியிலிருந்து விண்மீன்களைப் பார்ப்பர். அவரோ அவற்றை அளக்குங் கருவிகளின் அருகிலேயே வளர்ந்தார்.

அந்நகரின் நிஜாம் கல்லூரியிலே பாப்பு பௌதிகம் பயின்றார். மாணவராக இருக்கும்போதே, ஒளி கூடியுங் குறைந்தும் மாறுகின்ற விண்மீன்களைப்பற்றித் தாம் கண்டவற்றை எழுதி ஆராய்ச்சி இதழ்களில் வெளியிட்டார். பாடப்புத்தகத்தில் உள்ளதை ஒப்புவித்தலே கல்வி என்று கொள்ளாமல், கையிற் கிடைத்த கருவியைக்கொண்டு கண்ணாற் கண்டு கணக்கிடும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே அமைந்தது. பிற்காலத்து வைணு பாப்புவை உருவாக்கியது இப்பழக்கமே என்பது என் துணிபு.

முதுகலைப் பட்டம் பெற்றபின், ஐதராபாத்து அரசின் உதவிச் சம்பளம் பெற்று, 1949-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். ஷேப்ளி என்னும் பேரறிஞர் அக்காலத்தில் அங்குள்ள வானாராய்ச்சி நிலையத்திற்குத் தலைவராக இருந்தார். பாப்பு சென்று சேர்ந்து சில மாதங்களே கழிந்தன. அவ்வாண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாளிரவு எடுக்கப்பெற்ற ஒளிப்படத் தகட்டிலே, விண்மீன்களின் கூர்மையான புள்ளிகளுக்கிடையில், அவற்றினின்றும் வேறுபட்டதோர் ஒளித்தடத்தை அவர் கண்டார். நூற்றுக்கணக்கான புள்ளிகள் நிறைந்த தகட்டில் இயல்புக்கு மாறான ஒன்றைக் கண்டுகொள்வதற்குக் கண் மட்டும் போதாது. வானத்தின் அப்பகுதி எவ்வாறிருத்தல் வேண்டும் என்பது மனத்திற் பதிந்திருத்தலும் வேண்டும். அஃது அதுவரையில் யாரும் அறியாத வால்வெள்ளி என்பது தெளிவாயிற்று. அவருடைய ஆசிரியர் போக், உடன் பயின்ற நியூகர்க் ஆகிய இருவரும் இதிற் பங்கு கொண்டமையால், பாப்பு-போக்-நியூகர்க் என மூவர் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. அது ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகுமென்று கணக்கிட்டனர். பசிபிக் வானநூற் கழகம் வால்வெள்ளி காண்போர்க்கு வழங்கும் டோனோ பதக்கத்தைப் பாப்புவிற்கு அளித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

1952-ஆம் ஆண்டு பாப்பு டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்க் கார்னெகி நிறுவனத்தின் ஆராய்ச்சி உதவியைப் பெற்றுக் கலிபோர்னியாவிலுள்ள மவுண்டு வில்சன், பாலமார் ஆகிய மலை நிலையங்கட்குச் சென்றார். உலகில் அந்நாளிற் பெரியதாக விளங்கிய 200 அங்குலத் தொலைநோக்கி பாலமார் மலையிலேதான் இருந்தது. அங்கே ஆலின் வில்சன் என்பாரோடு கூடிச் செய்த ஆராய்ச்சியே பாப்புவின் பெயரை வானநூலில் நிலைபெறச் செய்தது. அதனைச் சிறிது விளக்குதல் நலம்.

விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி போன்ற கருவியின்வழிச் செலுத்தினால் அது நிறமாலையாக விரியும். அதன் இடையிடையே கரிய கோடுகள் பல காணப்படும். ஒவ்வொரு கோடும் விண்மீனில் உள்ள ஏதேனும் ஒரு தனிமத்தின் அடையாளம். ஊதாப் பகுதியிலே கால்சியத்தால் தோன்றும் அகன்ற கரிய கோடு ஒன்று உண்டு. வெப்பங் குறைந்த விண்மீன்கள் பலவற்றில் அக்கரிய கோட்டின் நட்டநடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தோன்றுவதை முன்னரே பலர் அறிந்திருந்தனர். வில்சனும் பாப்புவும் 185 விண்மீன்களில் அவ்வொளிக்கோட்டின் அகலத்தை அளந்தனர். விண்மீனின் உண்மையான பேரொளி மிகுதியாயின் அக்கோடு அகன்றும், குறைவாயின் ஒடுங்கியும் இருத்தலைக் கண்டனர். ஒன்றுக்கொன்று பத்து லட்சம் மடங்கு ஒளி வேறுபாடுடைய விண்மீன்களிடையேயும் இவ்வொழுங்கு பிறழவில்லை. இம்முடிவு 1957-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இதனாற் பயன் யாது எனிற் கூறுவேன். இரவில் தொலைவிலே ஒரு விளக்குத் தெரிகின்றது. அது அருகிலுள்ள அகல்விளக்கோ, சேய்மையிலுள்ள பெருந்தீயோ என்பதைக் கண்ணால் மட்டும் துணிதல் இயலாது. அவ்விளக்கின் உண்மையான ஆற்றலை வேறொரு வழியால் அறிந்தோமாயின், நமக்குத் தோன்றும் ஒளியோடு அதனை ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். விண்மீனைப் பொறுத்தவரையில் அவ்வழியைத் தந்தது அந்த மெல்லிய கோட்டின் அகலம். இன்றும் வானநூற் பாடப்புத்தகங்களில் இது வில்சன்-பாப்பு விளைவு என்றே வழங்குகின்றது.

நிற்க. இத்துணைப் புகழ் பெறுவதற்குரிய ஆராய்ச்சியைச் செய்த இளைஞர் அயல்நாட்டிலேயே தங்கியிருந்தால் அவருக்குக் குறை ஒன்றும் இருந்திராது. உலகின் சிறந்த கருவிகள் அங்கே இருந்தன. இங்கோ, விண்மீன்களை ஆராய்வதற்கேற்ற பெரிய தொலைநோக்கி நாடெங்கும் தேடினும் இல்லை. எனினும் அவர் 1953-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டில் உத்தரப் பிரதேச அரசு காசியிலே தொடங்கியிருந்த வானாராய்ச்சி நிலையத்திற்குத் தலைமை ஏற்றார். நகரத்துத் தூசியும் வெளிச்சமும் தொல்லையாதலின் 1955-இல் அதனை இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலுக்குக் கொண்டுசென்றார். அங்கே அவர் ஆற்றிய பணிகள் பல. அவற்றை விரிக்கிற் பெருகும். நம் ஜவ்வாது மலைக்கு வருவோம்.

1960-ஆம் ஆண்டில் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைமைப் பதவி அவரை வந்தடைந்தது. அதன் வரலாறு பழமையானது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நிறுவிய நிலையமே அதன் மூலம். ஆசியாவினின்று முதன்முதற் கண்டுபிடிக்கப்பெற்று ஆசியா என்றே பெயரிடப்பெற்ற சிறுகோளை 1861-இல் போக்சன் கண்டது அங்கேதான். அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டு புகழ் பெற்றதும் அங்கேதான். 1899-இல் அப்பணி கொடைக்கானல் மலைக்கு மாறியபின் ஞாயிற்றைப் பற்றிய ஆராய்ச்சியே அங்கே முதன்மை பெற்றது; ஞாயிற்றுக் களங்கங்களில் ஆவிகள் ஓடும் முறையை எவர்ஷெட் கண்டறிந்தது 1909-இல் அம்மலையிலே. காலை வேளைகளில் வானம் தெளிந்திருப்பின் ஞாயிற்றைப் பார்ப்பதற்கு அது போதும். ஆனால் விண்மீன்களைப் பார்ப்பார்க்கு இரவு முழுதும் தெளிவு வேண்டும். கொடைக்கானலின் அழகெல்லாம் அதன் மேகங்களிலும் பனிமூட்டத்திலும் அன்றோ இருக்கின்றது? சுற்றுலாச் செல்வார்க்கு இன்பமளிப்பது வானநூலார்க்குத் துன்பமாயிற்று.

ஆகவே இரவு வானத்திற்கெனத் தனியிடம் ஒன்றைத் தென்னாட்டில் தேடலானார் பாப்பு. தென்னாட்டிலேயே அது வேண்டும் என்று அவர் கருதியதற்குத் தக்க காரணம் இருந்தது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கத் தென்வானம் நமக்கு மிகுதியாகத் தோன்றும். அகத்தியர் பெயரால் நாம் வழங்கும் ஒளிமிக்க விண்மீனை எடுத்துக்கொள்வோம். நைனிதாலில் அது தொடுவானத்திற்கு மேல் 8 பாகை அளவே எழும். மலைமுகட்டிற்கு மேல் சற்றே எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். வட அகலாங்கு 12½ பாகையில் உள்ள காவலூரிலோ அது ஏறத்தாழ 25 பாகை உயர்ந்து செவ்வையாகத் தோன்றும். திரிசங்கு என்று நாம் கூறும் தென்சிலுவைக் கூட்டம் நைனிதாலிற் பெரும்பாலும் தொடுவானத்தோடு ஒட்டியே கிடக்கும். காவலூரில் அதன் நான்கு விண்மீன்களையும் தெளிவாகக் காணலாம். அதே வேளையில் வடதுருவ விண்மீனும் வடக்கே தாழ்ந்து நிற்கின்றது. இரு பாதி வானமும் ஒரே முற்றத்திற் காணக் கிடைக்கும் இடம் அது. அருகிற் பெரிய நகரம் இல்லை. தொழிற்சாலைப் புகையும் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி முதற்கொண்டு கோடைவரை இரவுகள் பெரும்பாலும் தெளிவாயிருக்கும்.

இவற்றையெல்லாம் எண்ணி, ஜவ்வாது மலைக் காட்டில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தை இதற்கெனப் பெற்றனர். 1968-ஆம் ஆண்டில் அங்கே முதல் தொலைநோக்கி நிறுவப்பெற்றது. அதன் ஆடியின் குறுக்களவு 38 சென்டிமீட்டரே. நம் வீடுகளிற் சோறு வடிக்கும் தட்டினும் சற்றே பெரிது. ஆனால் அஃது அயல்நாட்டினின்று வாங்கிவந்ததன்று; கொடைக்கானலிலேயே தம் பட்டறையில் நிலையத்தார் செய்துகொண்டது. இச்சிறு செய்தியை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பெரியதொன்றைச் செய்ய விரும்புவோர் முதலிற் சிறியதொன்றைத் தம் கையாற் செய்து பார்த்தனர்.

இதனால் அவர் அயல்நாட்டுக் கருவிகளை வெறுத்தார் என்று எண்ணுதல் கூடாது. ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் செய்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கியை வாங்கி 1972-இல் காவலூரில் நிறுவினார். அது வந்த ஆண்டிலேயே வேலை தொடங்கிற்று. வியாழனின் பெருந்துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியை 1972 ஜூன் மாதத்தில் அங்கிருந்தோர் உற்றுநோக்கினர். அத்துணைக்கோளுக்குக் காற்றுமண்டலம் உண்டு என்பதற்கு அதிற் குறி கண்டதாகக் கூறினர். பின்னர்ச் சென்ற வாயேஜர் விண்கலங்கள் அவ்வளவு அடர்ந்த காற்று அங்கில்லை எனக் காட்டின. மிக மெல்லிய ஆக்சிஜன் ஆவி உண்டென்பதை மட்டும் 1990-களிலே ஹபிள் தொலைநோக்கி கண்டது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாளிற் கிடைத்த வெற்றியோ ஐயத்திற்கு இடமில்லாதது. யுரேனஸ் என்னும் கோள் அன்று ஒரு விண்மீனுக்கு முன்னே செல்லவிருந்தது. கோள் வந்து மறைக்குமுன்னரே விண்மீனின் ஒளி மங்கி மீண்டது. வானூர்தியிற் பறந்தவாறு நோக்கிய அமெரிக்கர் அதனைக் கண்டனர்; ஆஸ்திரேலியாவில் கண்டனர்; காவலூரின் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியும் அவ்வொளி மங்கலைப் பதிவு செய்தது. சனிக்கோளுக்கு இருப்பதுபோலவே யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்பது அன்றைய இரவிலேதான் உலகிற்கு வெளிப்பட்டது. மலையாளிகள் சாமை விளைக்கும் ஒரு மலைச்சிற்றூர் அவ்வெளிப்பாட்டிற் பங்கு பெற்றது என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் பூரிக்கின்றது.

இதற்கிடையே 1971-இல் கொடைக்கானல் நிலையம் வானிலைத் துறையின் ஆட்சியினின்று பிரிந்து, இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. அதன் தலைமையகம் பின்னர்ப் பெங்களூரில் அமைந்தது. பாப்புவே அதன் இயக்குநர். இப்போது தம் நெடுநாளைய எண்ணத்தை நிறைவேற்ற அவர் முனைந்தார். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியைக்கொண்ட பெருந்தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே செய்து காவலூரில் நிறுத்த வேண்டும் என்பது அவ்வெண்ணம்.

இதன் அளவைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். இருளில் நன்கு விரிந்த மனிதக் கண்மணியின் வாயில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலமுடையது. அதனோடு ஒப்பிடின் இவ்வாடி ஒரு லட்சம் மடங்கிற்கு மேல் ஒளியைத் திரட்டும். காவலூரின் முதல் தொலைநோக்கியைக் காட்டிலும் 38 மடங்கு பரப்புடையது. பரப்பு மட்டும் போதுமா? அதன் குழிந்த வடிவம் எங்கும் பிழையின்றி இருத்தல் வேண்டும். தலைமயிரின் பருமனை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு மேடுபள்ளம் இருப்பினும் விண்மீனின் உருவம் கலங்கிவிடும். ஆகவே ஆடியைத் தேய்ப்போர் சிறிது நேரம் தேய்ப்பர். தேய்த்ததனாற் சூடேறிய கண்ணாடி ஆறும்வரை காத்திருப்பர். ஒளியைச் செலுத்திச் சோதிப்பர். மீண்டும் எங்கே எவ்வளவு தேய்த்தல் வேண்டும் என்று கணக்கிடுவர். இரண்டு மூன்று நாள் வேலையன்று இது, ஆண்டுக்கணக்கிற் செல்வது.

ஆடிக்குரிய கண்ணாடி வட்டம் ஜெர்மனியினின்று வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றும் பணியைப் பெங்களூரிலுள்ள தம் கூடத்திலேயே நிறுவனத்தார் மேற்கொண்டனர். ஜெயராஜன் என்னும் ஒளியியல் வல்லுநர் அதனை முன்னின்று நடத்தினார். தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் குதிரைலாட வடிவமான பேரெந்திரத்தை மகாராஷ்டிரத்திலுள்ள வால்சந்த் நகர்த் தொழிற்சாலை செய்தது. சர்க்கரை ஆலைகட்கும் சிமெண்டு ஆலைகட்கும் எந்திரம் செய்து பழகிய கைகள், விண்மீனின் நகர்ச்சிக்கு இம்மியும் பிசகாமல் இணைந்து திரும்பும் எந்திரத்தைச் செய்யக் கற்றன.

வெளிநாட்டிற் சொல்லி வாங்கியிருந்தால் காலம் மிச்சமாயிருக்குமே என்று அக்காலத்திற் கேட்டோர் உண்டாயின் அவர்களைக் குறை கூறுதற்கில்லை. பத்தாண்டுகட்கு மேல் உழைப்பைக் கொண்டது இவ்வேலை. அவ்வாண்டுகளில் உலகின் பிற பகுதிகளில் இதனினும் பெரிய தொலைநோக்கிகள் பல எழுந்துவிட்டன. காவலூரின் வானமும் குறையற்றது என்று கூறுதல் இயலாது. பருவமழைத் திங்கள்களில் மாடத்தின் கதவு திறவாமலே இரவுகள் கழிகின்றன. உயரம் போதாமையால் அகச்சிவப்பொளி ஆராய்ச்சிக்கு அது ஏற்றதன்று. அதனாலேயே அதே நிறுவனத்தார் பிற்காலத்தில் லடாக்கின் ஹான்லே என்னுமிடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், வேறொரு நிலையத்தை அமைத்தனர். ஆயின் ஒன்று கேட்க விரும்புகின்றேன். காவலூர்த் தொலைநோக்கியைச் செய்கையிற் பழகிய கைகளும் மூளைகளும் இல்லாதிருந்தால் ஹான்லேக்கு ஏறிச் செல்லத் துணிவு எங்ஙனம் வந்திருக்கும்? கருவியைச் செய்தல் என்பதனோடு கருவி செய்வோரையும் செய்தல் என்பது பாப்புவின் கணக்கிற் சேர்ந்திருந்தது. அக்கணக்கு தவறவில்லை என்றே நான் கொள்கின்றேன்.

அவர் ஆராய்ச்சிக் கூடத்தினுள் அடைந்துகிடந்த மனிதர் அல்லர். உருதுக் கவிதைகளிலும் ஓவியத்திலும் தோட்டக்கலையிலும் ஈடுபாடுடையவர். முழு ஞாயிற்று மறைவைக் காண்பதற்கு 1970-இல் மெக்சிகோ வரையில் தம் குழுவினரோடு சென்றார். நாட்டிலும் வெளியிலும் பெருமைகள் பல அவரை நாடி வந்தன. 1970-இல் பட்நாகர் பரிசும், 1981-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். உலக வானநூலார் யாவரும் கூடும் அனைத்துலக வானியல் ஒன்றியம் 1979-ஆம் ஆண்டில் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதல்முறை.

மூன்றாண்டுக்கொருமுறை கூடும் அவ்வொன்றியத்தின் பேரவை 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிரேக்க நாட்டுப் பத்ராஸ் நகரிலே கூடிற்று. தலைமை தாங்க வேண்டியவர் பாப்பு. அவரோ அப்போது ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். ஆகஸ்டு 19-ஆம் நாள், பேரவை நடந்துகொண்டிருக்கையிலேயே, அவர் உயிர் நீத்தார். ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. பேரவைக்கு வந்திருந்த பன்னாட்டு அறிஞர்கள் தம் தலைவரின் மறைவுச் செய்தியை அங்கேயே கேட்டு வருந்தினர்.

இங்கே பெங்களூரில், அவர் கனவு கண்ட பெருந்தொலைநோக்கி முற்றுப்பெறவில்லை. தொடங்கியவர் போனபின் தொடர்ந்து முடிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பொதுப்பணிகளில் ஈடுபட்டோர் அறிவர். திட்டம் எழுதிய தாள் நிலைப்பெட்டியில் உறங்கிவிடுவதுண்டு. பொருளுக்கு வேறு வழியிற் செலவு வந்துவிடுவதுண்டு. இங்கே அவ்வாறு நேரவில்லை. பாப்புவுடன் நெடுங்காலம் உழைத்த பட்டாச்சார்யா இயக்குநர் பொறுப்பை ஏற்று அப்பணியை முடித்தார். பெரிய எந்திரமும் ஆடியும் மலைப்பாதையில் ஏறி வந்து காவலூர் மாடத்தினுள் அமர்ந்தன. 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள் அந்நாளைப் பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அங்கு வந்து, தொலைநோக்கிக்கும் நிலையம் முழுமைக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இந்தியாவில் அதுகாறும் அமைந்த தொலைநோக்கிகளுள் அதுவே பெரியது. 2016-ஆம் ஆண்டில் தேவஸ்தல் என்னுமிடத்தில் 3.6 மீட்டர்த் தொலைநோக்கி எழும்வரை அப்பெருமை அதற்கே இருந்தது. தேவஸ்தல் நைனிதாலை அடுத்துள்ள இடம்; அதனை நடத்துவதும் பாப்பு இளமையில் தலைமை தாங்கிய நிலையத்தின் வழித்தோன்றலே.

பெயர் சூட்டி இரண்டாண்டு கழிந்த சிறிது காலத்தில் காவலூர் மற்றொரு சிறப்பைப் பெற்றது. 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ராஜமோகன் என்னும் ஆராய்ச்சியாளர் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். போக்சன் காலத்திற்குப்பின் நூறாண்டுகட்கு மேலாக இந்திய நாட்டினின்று எந்தச் சிறுகோளும் கண்டுபிடிக்கப்பெறவில்லை. 4130 என்னும் வரிசையெண்ணுடைய அதற்கு ராமானுஜன் என்று பெயரிட்டனர். கும்பகோணத்துக் கல்லூரியில் தேர்ச்சி பெறாது வெளியேறிய மாணவரின் பெயர் இவ்வாறு விண்ணில் ஏறிற்று. வைணு பாப்புவின் பெயராலும் 2596 என்னும் எண்ணுடைய சிறுகோள் ஒன்று செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கின்றது.

1972-இல் பாப்பு நிறுவிய ஒரு மீட்டர்த் தொலைநோக்கி பின்னரும் நெடுங்காலம் உழைத்தது. அதன் ஐம்பதாண்டு நிறைவு 2022-ஆம் ஆண்டு டிசம்பரிற் கொண்டாடப்பெற்றது. மலையடிவாரத்து ஊர்கள் வளர்கின்றன. சாலை விளக்குகளும் பெருகுகின்றன. தெருவிளக்கின் ஒளியை வானத்தை நோக்கிச் செல்லவிடாமல் மூடி கவிழ்த்துத் தரையை நோக்கச் செய்தால் ஊருக்கும் வெளிச்சம், காவலூருக்கும் இருள். இதற்கு ஆகும் செலவு சிறிது. ஆலங்காயத்திலும் வாணியம்பாடியிலும் வாழும் நம் பழைய மாணவர்கள் தத்தம் ஊர் மன்றங்களில் இதனை எடுத்துரைத்தால் நன்று.

காவலூரில் பிற்காலத்தில் நிறுவப்பெற்ற 1.3 மீட்டர்த் தொலைநோக்கிக்கு 2014-ஆம் ஆண்டில் பட்டாச்சார்யாவின் பெயரைச் சூட்டினர். பாப்பு தொடங்கியதை முடித்து வைத்தவரின் பெயரும், பாப்புவின் பெயரும் இன்று அக்காட்டில் அடுத்தடுத்த மாடங்களில் இருக்கின்றன.